சென்னை வீட்டுக்குத் தண்ணீர் அதிகம் கேட்காத புல்தரை: நாட்டுப் புல்லைத் தேர்ந்தெடுத்து நடுவதற்கான முழு வழிகாட்டி

வீட்டு முன்னால் புல்தரை வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் முதல் வேலையாக நர்சரிக்குப் போகிறார்கள். அங்கே சுருட்டி வைத்திருக்கும் பச்சைப் புல்லைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிடுகிறது. சதுர அடிக் கணக்கில் வாங்கி, அந்த வாரமே விரித்தும் விடுகிறார்கள். மாசி வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். சித்திரையில் தரை திட்டுத்திட்டாகக் காயும், ஓரத்தில் கோரை தலைதூக்கும், தினமும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். அடுத்த கோடைக்குள் அந்த இடத்தில் டைல்ஸ் பதித்துவிடுகிறார்கள்.

நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை புல்லின் குற்றம் அல்ல. வேலை நடந்த வரிசையின் குற்றம். வெயில், மண், தண்ணீர் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகுதான் புல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். களையை எடுத்து முடித்த பிறகுதான் நட வேண்டும். சென்னையில் இதற்கு வசதியான காலக்கணக்கு இது: சித்திரை, வைகாசியில் இடத்தைப் பார்ப்பதும் மண் வேலையும் களை ஒழிப்பும், ஆனியில் மிஞ்சிய களை, ஆடியில் நடவு. இப்போது புரட்டாசி என்றால் அவசரப்படாதீர்கள். வெயிலையும் மண்ணையும் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு தை பிறக்கும்வரை காத்திருங்கள்.

1. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

கடப்பாரை, மண்வெட்டி, தோட்ட வேலைக்கான முட்கரண்டி, அளவு நாடா, நீளமான ஸ்க்ரூடிரைவர், தட்டையான நான்கைந்து கிண்ணங்கள், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர். மீட்டர் இல்லையென்றால் ஆர்.ஓ. இயந்திரத்தைப் பழுதுபார்க்க வருபவரிடம் இருக்கும். உங்கள் போர் தண்ணீரை ஒரு நிமிடத்தில் அளந்து சொல்லிவிடுவார்.

மக்கிய எருவுக்கு முன்பே சொல்லி வையுங்கள். கடைசி நேரத்தில் கிடைப்பது பாதி மக்கிய எருவாகத்தான் இருக்கும். அதில் களை விதை உயிரோடிருக்கும். மண்ணுக்குள் போய்ச் சூடாகி இளவேரையும் கருக்கும்.

2. வெயிலை அளந்து எழுதுங்கள்

மனையின் வரைபடத்தை ஒரு தாளில் தோராயமாகப் போடுங்கள். காலை எட்டு, பத்து, பன்னிரண்டு, மாலை இரண்டு, நான்கு என ஐந்து நேரங்களில் நிழல் எங்கே விழுகிறது என்று அதில் குறித்துக்கொள்ளுங்கள். நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்பதுதான் எந்தப் புல் பிழைக்கும் என்பதை முதலில் தீர்மானிக்கிறது. தண்ணீர் குறைந்தால் புல் காய்ந்து, மழையில் மீளும். வெயில் குறைந்தால் மெலிந்து மெலிந்து காணாமல் போகும், மீளாது.

கோடையில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்வது பலரும் செய்யும் தவறு. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அப்போது வீட்டின் வடக்குப் பக்கத்திலும் நல்ல வெயில் இருக்கும். டிசம்பரில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். பத்தடி மதிலின் நிழல் நண்பகலிலேயே வடக்குப் பக்கம் ஏழடிக்குமேல் விழும். இரண்டு மாடி வீடாக இருந்தால் வடக்கே விட்டிருக்கும் குறுகிய இடம் முழுவதும் மார்கழியில் நிழலாகிவிடும். எனவே கோடையில் வரைபடம் போட்டவர்கள், மதிலுக்கும் வீட்டுக்கும் வடக்கே இருக்கும் கீற்றைத் தனியாகக் குறித்து, அதை நிழல் இடமாகவே கணக்கில் வையுங்கள்.

ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில் விழும் பகுதி, நான்கு முதல் ஆறு மணி நேரம் விழும் பகுதி, அதற்கும் குறைந்த பகுதி என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பகுதியில் புல் வேண்டாம். மாமரத்தடியில் புல் வளர்க்கப் பணம் செலவழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே மரத்தின் சருகையே மூடாக்காகப் பரப்பிவிடுங்கள்; மரத்துக்கும் அதுதான் நல்லது.

3. மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

மூன்று இடங்களில் ஓரடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். ஒன்று கட்டாயம் சுவரை ஒட்டி இருக்கட்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல் வரும். அசோக் நகர், விருகம்பாக்கம், கொளத்தூர்ப் பக்கம் பெரும்பாலும் களிமண். கிண்டியைச் சுற்றிச் சில இடங்களில் கடப்பாரை பாறையில் முட்டும். ஆனால் புதிதாகக் கட்டிய வீடுகளில் எந்தப் பகுதியாக இருந்தாலும் முதலில் வருவது செங்கல் துண்டும் சிமெண்ட் காரையும்தான்.

இந்த இடிபாட்டை அப்படியே விட்டுவிட்டு, மேலே இரண்டு அங்குலம் செம்மண் பரப்பிப் புல் நடுவது சென்னையில் வழக்கமாகிவிட்டது. இதைவிடக் கெட்ட தொடக்கம் கிடையாது. நாட்டுப் புல் வறட்சியைத் தாங்குவது வேர் ஆழமாக இறங்குவதால். வேர் இரண்டு அங்குலத்தில் காரையில் முட்டி நின்றால் எந்தப் புல்லும் தினமும் தண்ணீர் கேட்கும். தரைக்குரிய இடம் முழுவதும் எட்டு அங்குலம் வரை கொத்தி, சல்லடையில் சலித்துக் கல்லையும் காரையையும் அப்புறப்படுத்துங்கள். மொத்த வேலையில் அதிகக் கூலி போகும் இடம் இதுதான். குறைக்க வேண்டுமென்றால் புல்தரையின் பரப்பைக் குறையுங்கள், ஆழத்தைக் குறைக்காதீர்கள்.

அடுத்து வடிகால் சோதனை. குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். சில நிமிடங்களில் காணாமல் போனால் மணல், ஈரம் தங்காது. மறுநாள் காலையிலும் நின்றால் களிமண்; ஐப்பசி மழையில் வேர் மூச்சுத் திணறும். இரண்டுக்கும் மருந்து மக்கிய எருதான். ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பி, கொத்திக் கலந்துவிடுங்கள். மணற்பாங்கான இடத்தில் கழுவிய தென்னை நார்க்கழிவையும் சேர்க்கலாம். களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் இளகிவிடும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். சிறிதளவு மணலும் களியும் சேர்ந்தால் இன்னும் கெட்டிப்படும். எம்-சாண்ட் கலந்தால் நிலைமை இன்னும் மோசம்.

4. தண்ணீரின் உப்பையும் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள்

கடலோர வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருப்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு உப்பு என்பதுதான் கேள்வி. டி.டி.எஸ். 2,000க்கு மேல் போனால் பெரும்பாலான தோட்டச் செடிகளுக்கு அது ஆபத்தான தண்ணீர். அருகம்புல்லும் மணிலா புல்லும் அதைத் தாங்கக்கூடியவை. ஆனாலும் மண்ணில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். வடகிழக்குப் பருவமழை ஆண்டுக்கொருமுறை அதைக் கழுவி இறக்கிவிடும், வடிகால் சரியாக இருந்தால். உப்புத் தண்ணீர் வீட்டில் வடிகாலுக்கு இரட்டை முக்கியத்துவம் கொடுக்க வேண்டியது இதனால்தான். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். அதை ஒரே இடத்தில் தொடர்ந்து ஊற்றாதீர்கள்.

அளவைப் பொறுத்தவரை கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். நன்கு வேர்விட்ட அருகைக் கோடையிலும் பசுமையாக வைத்திருக்க வாரத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் தேவைப்படும். 500 சதுர அடித் தரைக்கு அது ஏறத்தாழ 1,160 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்று அந்தத் தரைக்குப் பத்து வாரத்துக்குக் காணும். பசுமை வேண்டாம், உயிர் இருந்தால் போதும் என்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதில் பாதி போதும். 2019 கோடையில் ஏரிகள் வற்றிக் குடிக்கவே தண்ணீர் இல்லாமல் தவித்த ஊர் இது. இந்த இரண்டாவது கணக்குக்குச் சம்மதிப்பவர்கள் மட்டும் புல்தரை போடலாம் என்பது என் உறுதியான கருத்து.

5. இப்போது புல்லைத் தேர்ந்தெடுங்கள்

வறட்சியைத் தாங்குவது மட்டும் புல்தரைக்குப் போதாது. படர வேண்டும், வெட்டுத் தாங்க வேண்டும், மிதி தாங்க வேண்டும். கடற்கரை மணலில் தண்ணீரே இல்லாமல் வாழும் ராவணன் மீசையைவிட உறுதியான புல் நம் ஊரில் இல்லை. ஆனால் அதன் இலைநுனி காலைக் குத்திக் கிழிக்கும். கொழுக்கட்டைப் புல்லும் வறட்சிக்கு அஞ்சாது. ஆனால் குத்தாக உயர்ந்து வளரும், தரையை மூடாது. துணியில் விதை ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்புல் நன்றாகப் படரும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் அதை வைக்க முடியாது. இப்படிக் கழித்துப் பார்த்தால் சென்னை வீட்டுக்கு மிஞ்சுவது இரண்டு புற்கள், ஒரு படர்செடி.

அருகம்புல். ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில் விழும் இடம் என்றால் வேறு யோசனையே வேண்டாம். மண்ணுக்கு மேலே ஓடுதண்டு, கீழே கிழங்குத்தண்டு என இரண்டு வழியிலும் பரவும். மேற்பரப்பு முழுவதும் காய்ந்து வைக்கோல் நிறமானாலும் கீழே தண்டு உயிரோடிருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் ஒரு வாரத்தில் துளிர்க்கும். மிதிபட்ட இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். இரண்டு குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நிழலில் நிற்காது. எல்லை போடாவிட்டால் பூச்செடிப் பாத்திக்குள் நுழையும். நுழைந்தபின் எடுப்பது மிகக் கடினம். உங்கள் மனையிலேயே ஏற்கெனவே அருகு படர்ந்திருந்தால் அதை அழித்துவிட்டுப் புதிதாக வாங்காதீர்கள். மற்ற களையை எடுத்து, சீராக வெட்டி வந்தால் அதுவே தரையாகிவிடும்.

மணிலா புல். சோய்சியா என்ற இனத்தைச் சேர்ந்தது. நம் கடற்கரைகள் உட்பட ஆசியாவின் வெப்பமண்டலக் கடலோரங்களில் தானாக வளர்வது. அருகைவிட அடர்த்தியானது. உப்பையும் அரைநிழலையும் தாங்கும்; மிக மெதுவாக வளர்வதால் வெட்டும் வேலை குறைவு. நான்கைந்து மணி நேரமே வெயில் விழும் இடத்துக்கும் கடலோர வீட்டுக்கும் இதைத்தான் சொல்வேன். மெதுவாக வளர்வதே இதன் சிக்கலும்கூட. தரையை மூடப் பல மாதம் ஆகும். அதுவரை களை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் இடம் சேதமானால் ஆறவும் அத்தனை காலம் பிடிக்கும். நாய் வளர்க்கும் வீட்டுக்கும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் முற்றத்துக்கும் இது சரிவராது.

பொடுதலை. இது புல் அல்ல. கூந்தல் எண்ணெய்க்குப் பாட்டிமார் பறித்த அதே செடி. தரையோடு தரையாகப் படரும், வெட்டவே வேண்டாம், உப்பையும் தாங்கும், சில நாள் தண்ணீர் நின்றாலும் அழுகாது. களிமண் மனையில் தாழ்ந்த மூலை ஒன்று இருக்குமே, அங்கே இதைவிட நல்ல தேர்வு இல்லை. ஒரே எச்சரிக்கை: சிறு சிறு பூவாகப் பூத்துக்கொண்டே இருக்கும், தேனீ வரும். வெறுங்காலோடு குழந்தைகள் ஓடும் இடத்தில் வேண்டாம்.

நர்சரியில் கார்பெட் கிராஸ், பஃபலோ கிராஸ் என்று அகல இலைப் புற்களைக் காட்டுவார்கள். நட்ட மறுநாளே நிறைவாகத் தெரியும் என்பதால் நன்றாக விற்கும். இரண்டும் நம் மண்ணின் புல் அல்ல. அருகைவிட அதிகத் தண்ணீர் கேட்பவை. கார்பெட் கிராஸுக்குத் தொடர்ந்து ஈரம் வேண்டும். கத்திரி வெயிலில் முதலில் கருகுவது அதுதான்.

ஒரே தரையில் இரண்டு புல்லைக் கலக்காதீர்கள். வேகமாக வளரும் அருகு மணிலாவை அமுக்கிவிடும். வெயில் வேறுபடும் இடத்தில் இரண்டையும் நடுவே நடைபாதை போட்டுப் பிரித்துவிடுங்கள்.

6. வாங்கும்போது பெயரை விட்டுவிட்டுப் புல்லைப் பாருங்கள்

கொரியன், மெக்சிகன், பெர்முடா, சிங்கப்பூர் என்று கடைக்குக் கடை பெயர் மாறும். ஒரே பெயரில் இரண்டு கடையில் இரண்டு புல் கிடைக்கும். எனவே ஒரு தண்டைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்ப்பதுதான் வழி.

அருகின் ஓடுதண்டு மெல்லியதாக, கெட்டியாக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் கீழே நூல்வேரும் மேலே சிறு கிளையும் இருக்கும். இலை தண்டைவிட்டுப் பிரியும் இடத்தை நகத்தால் மெல்ல வளைத்துப் பாருங்கள். அங்கே குட்டையான வெள்ளை மயிர் வளையம் தெரியும். பூத்திருந்தால் தண்டின் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து மூன்று முதல் ஆறு மெல்லிய கதிர்கள் விரிந்திருக்கும். இதேபோல் விரல் விரலாகப் பூக்கும் வேறு புற்களும் உண்டு. அவற்றின் கதிர் குட்டையாக, காக்கைக்கால் போலத் தடித்திருக்கும். அவை ஒரு பருவம் வாழ்ந்து காய்ந்துபோகும் புற்கள். மணிலாவின் இலை ஒடுங்கி, விறைப்பாக, நுனி கூர்ந்திருக்கும். தடவினால் கைக்கு மொரமொரப்பாகத் தெரியும்.

பிறகு வேர்மண்ணை உதிர்த்துப் பாருங்கள். அதில் சிறிய கருப்புக் கிழங்கு ஒன்று இருந்தாலும் அந்தச் சரக்கை வாங்காதீர்கள். அது கோரை.

அருகுக்கு விலை கொடுக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. உங்கள் பகுதியிலேயே தண்ணீர் விடாத ஒரு காலி மனையில் கத்திரி முடிந்தும் பச்சை காட்டும் அருகு இருக்கும். உரிமையாளரிடம் கேட்டு அங்கிருந்து எடுங்கள். உங்கள் வட்டாரத்து மண்ணையும் கோடையையும் தாண்டி நிற்கும் புல் அது. எடுக்கும் இடத்தில் கோரை இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

7. கோரையை ஒழிக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்

புதியவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். பின்னால் அதிகம் வருந்துவதும் இதற்காகத்தான். புல் நடுமுன் களையை எடுப்பது மண்ணை எடுப்பது போன்ற வேலை. நட்டபின் எடுப்பது ஒவ்வொரு புல்லாகப் பிரித்துப் பார்க்கிற வேலை.

முதலில் எதிரியை அடையாளம் காணுங்கள். தண்டை இரண்டு விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். உருண்டால் புல், மூன்று விளிம்பு தட்டுப்பட்டு உருள மறுத்தால் கோரை. கையால் பிடுங்கினால் தண்டு மட்டும் வரும், கிழங்கு உள்ளேயே நிற்கும், ஒரு வாரத்தில் மறுபடி முளைக்கும். கிழங்குகள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்திருக்கும். இயந்திரக் கலப்பை விட்டால் அந்தச் சங்கிலி துண்டு துண்டாகி மனை முழுவதும் பரவும். எனவே கோரை உள்ள மனையில் இயந்திரம் வேண்டாம்.

இனி நீங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். கோரை அதிகமா, விதையிலிருந்து முளைக்கும் களைகள் அதிகமா?

கோரை அதிகம் என்றால் சித்திரை வெயிலைப் பயன்படுத்துங்கள். தண்ணீர் விடாமல், முட்கரண்டியால் எட்டு அங்குலம் வரை மண்ணைப் புரட்டிப் போடுங்கள். கிழங்கைப் பொறுக்குங்கள். தப்பியது வெயிலில் காயட்டும். வாரம் ஒருமுறை மறுபடி புரட்டுங்கள். கோரைக் கிழங்குக்குப் பலவீனம் ஒன்றுதான்: உலர்ந்தால் செத்துவிடும். கோடை மழை பெய்து ஈரமாகிவிட்டால் மறுபடி காயும்வரை பொறுத்துத் தொடருங்கள்.

பார்த்தீனியம், குப்பைமேனி, ஒருபருவப் புற்கள் போன்ற விதைக்களை அதிகம் என்றால் இதற்கு நேர்மாறான முறை. மண்ணைச் சமப்படுத்தி நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் இழுத்து மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்து நான்கிலிருந்து ஆறு வாரம் விட்டுவிடுங்கள். ஈரமண் சூட்டை ஆழமாகக் கடத்தும். மேல்மண்ணில் இருக்கும் விதைகள் வெந்துபோகும். கறுப்புத் தாள் போடாதீர்கள். அது வெயிலைத் தானே வாங்கிக்கொண்டு மண்ணுக்கு விடாது. இந்த முறை கோரையை முழுவதும் கொல்லாது. ஆழத்திலுள்ள கிழங்குக்குச் சூடு எட்டாது.

இரண்டில் எதைச் செய்திருந்தாலும் ஆனியில் ஒரு படி இருக்கிறது. மண்ணை நனைத்து எதையும் நடாமல் காத்திருங்கள். இரண்டு வாரத்துக்குள், தப்பியவை முளைத்துவிடும். விதைக்களையை மேலாகச் சுரண்டி எடுங்கள். கோரையைக் கிழங்கோடு தோண்டுங்கள். இந்த நேரத்தில் மண்ணை ஆழமாகக் கிளறாதீர்கள். கிளறினால் அடியில் உறங்கும் விதை மேலே வரும். மறுபடி நனையுங்கள், மறுபடி எடுங்கள். முளைப்பு ஓரிரண்டாகக் குறையும்வரை இதைத் தொடருங்கள். ஆடி பிறந்துவிட்டதே என்று இந்தச் சுற்றைக் குறைக்க வேண்டாம். ஆவணி நடுப்பகுதி வரை நடலாம்.

8. மட்டம், வடிகால், எல்லை

வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரிவு இருக்க வேண்டும். பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் போதும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டில் அதற்கான குழி இருக்கும். சரிவை அதை நோக்கி அமையுங்கள். குழியின் வாயருகே ஓரடி அகலத்துக்குச் சரளை போட்டால் மண் அடித்துக்கொண்டு போய் அதை அடைக்காது.

மட்டம் பார்த்தபின் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு, மண் அமர்ந்ததும் பள்ளம் விழுந்த இடங்களை நிரப்புங்கள். புல் நட்டபின் இதைச் செய்ய முடியாது.

அருகு நடுவதாக இருந்தால் பூப்பாத்தியின் ஓரமெல்லாம் ஆறு அங்குலத்துக்குக் குறையாத ஆழத்தில் செங்கல்லை நெருக்கிப் புதைத்து எல்லை கட்டுங்கள். கிழங்குத்தண்டு அடியில் ஊர்ந்து போகும் என்பதால் மேலே கல் அடுக்கினால் மட்டும் போதாது.

9. நடவு

ஆடியை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த அடைமழைக்கு முன் புல் வேர் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணோடு அடித்துக்கொண்டு போகும். ஆடி, ஆவணியில் அவ்வப்போது பெய்யும் மாலை மழை இளம் தண்டுக்குப் போதுமான ஈரம் தரும். தவறவிட்டவர்களுக்கு அடுத்த வாய்ப்பு தை. மழை நின்று மண்ணில் ஈரம் இருக்கும். பங்குனி வெயிலுக்குள் வேர் பிடித்துவிடும். மணிலாவுக்கு ஆடிதான் சரி. தையில் நட்டால் அது வேர்விடுவதற்குள் கோடை வந்துவிடும்.

தண்டு நடவுதான் நான் பரிந்துரைப்பது. மூன்று நான்கு கணு உள்ள தண்டுகளாக வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். வெயிலில் சிறிது நேரம் கிடந்தாலே தண்டு வாடிவிடும். அன்றே நட்டு முடிக்கும் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். ஈரமண்ணில் இரண்டு கணு உள்ளேயும் நுனி வெளியேயும் இருக்குமாறு ஊன்றுங்கள். அருகுக்கு நான்கு அங்குல இடைவெளி, மணிலாவுக்கு மூன்று அங்குலம். பிறகு ஒரு பலகையைப் போட்டு மேலே ஏறி நின்று மண்ணை அழுத்துங்கள். தண்டைச் சுற்றிக் காற்று நின்றால் வேர் உலர்ந்துபோகும்.

பெரிய இடத்துக்குச் சிலர் நறுக்கிய புல்லைப் பச்சைச் சாணம், மண், தண்ணீரோடு குழைத்துப் பூசுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பச்சைச் சாணத்தில் வரும் விதைகள், ஆனியில் நீங்கள் பட்ட பாட்டை வீணாக்கிவிடும்.

சுருட்டிய புல்பாயை விரிப்பதாக இருந்தால் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பாருங்கள். அது களியாக இருந்து உங்கள் மண் மணலாக இருந்தால் வேர் அந்தக் களி அடுக்கைவிட்டு இறங்காது. விரிக்குமுன் அடிமண்ணைத் தண்ணீரால் கழுவி மெலிதாக்குங்கள். மண்ணோடு அழுத்தி, இடைவெளிகளில் உங்கள் சொந்த மண்ணையே தூவுங்கள்.

10. முதல் எட்டு வாரத் தண்ணீர்

குறைந்த பராமரிப்பு என்பது இந்த எட்டு வாரத்துக்குப் பிறகு வருவது. முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் பூவாளியால் மெல்லத் தெளியுங்கள். குழாயை நேராகப் பிடித்தால் தண்டு பெயர்ந்துவிடும். மூன்றாம் வாரம் ஒரு தண்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் வேர் இறங்கிவிட்டது; நாளுக்கு ஒருமுறையாகக் குறையுங்கள். ஐந்தாம் வாரம் முதல் மூன்று நாளுக்கு ஒருமுறை, எட்டாம் வாரத்தில் வாரம் ஒருமுறை. மழை பெய்த நாளைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இடைவெளியைக் கூட்டக் கூட்ட, விடும் அளவையும் கூட்ட வேண்டும். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேர் போகும். தினமும் மேலாக நனைத்தால் வேர் மேலேயே தங்கி, அருகும் கார்பெட் கிராஸைப் போலத் தண்ணீருக்கு ஏங்க ஆரம்பித்துவிடும். தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்து ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள்; ஆறு அங்குலம் எளிதாக இறங்க வேண்டும். ஸ்பிரிங்ளர் வைத்திருப்பவர்கள் தரையில் கிண்ணங்களைப் பரப்பி வையுங்கள். எந்த மூலைக்கு எவ்வளவு விழுகிறது என்று தெரியும். 25 மில்லிமீட்டர் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் தெரியும்.

முதல் மூன்று வாரத்துக்குப் பிறகு மாலைத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். சென்னையின் புழுக்கமான இரவில் இலை நனைந்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். காலை எட்டு மணிக்குள் முடிப்பது நல்லது.

அதன்பிறகு நாள் பார்த்துத் தண்ணீர் விட வேண்டாம். புல்லைப் பார்த்து விடுங்கள். தரையில் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். மிதித்த புல் நிமிராமல் கால்தடம் அப்படியே தெரிந்தால், இலை மடிந்து பச்சையில் சாம்பல் நீலம் கலந்தால், அது தாகம்.

11. வெட்டும் உரமும்

அருகு மூன்று அங்குலம் வளர்ந்ததும் முதல் வெட்டு. ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்காதீர்கள். பிறகு இரண்டு அங்குலத்தில் வைத்திருங்கள். கோடையில் இன்னும் கொஞ்சம் உயரமாக விடுங்கள். உயரமான புல் தன் அடிமண்ணுக்குத் தானே நிழல் தரும். வேரும் ஆழமாக இருக்கும். மழமழவென்று ஒட்ட வெட்டினால் அழகாகத் தெரியும். மண் சூடேறி, கோரைக்கு வெளிச்சம் கிடைக்கும். வெட்டிய துண்டுகளை அங்கேயே விடுங்கள். மணிலாவை ஆண்டுக்குச் சில முறை வெட்டினால் போதும். வெட்டாமலே விட்டால் மேடு மேடாகப் புடைக்கும்.

உரம் ஆண்டுக்கு இரண்டு முறை, ஆடியிலும் தையிலும், சலித்த மண்புழு உரத்தை மெல்லியதாகத் தூவினால் போதும். கோடையில் யூரியா போடவே கூடாது. இலை வளர்ந்தால் தண்ணீர் செலவும் வளரும்.

12. கத்திரியும் பருவமழையும்

மே மாதத்தில் அருகு பழுப்பாவது இயல்பு. அது சாகவில்லை, ஓடுதண்டை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையோ வெள்ளையோ தெரியும். உடையும்படி உலர்ந்திருந்தால் மட்டும் கவலைப்படலாம். இந்த நிலையில் அதன்மேல் நடமாட்டத்தைக் குறையுங்கள். துளிர்க்க முடியாத நேரத்தில் மிதிபட்டால் ஆறாது. பச்சையாக்கியே தீருவேன் என்று பாதி நாள் தண்ணீர் விட்டு, டேங்கர் வராத வாரத்தில் நிறுத்துவதுதான் மிகக் கெடுதல். ஒவ்வொரு முறை துளிர்க்கும்போதும் புல் தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. ஒன்று தொடர்ந்து விடுங்கள், இல்லையென்றால் உறங்க விடுங்கள்.

பருவமழையில் தண்ணீர் ஓரிரு நாள் நின்றால் அருகு தாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் புகுந்த மனைகளில் தண்ணீரைவிட வண்டல்தான் அதிகத் தொல்லை. வெள்ளம் வடிந்ததும், வண்டல் காய்ந்து பொருக்குத் தட்டுமுன், குழாயால் பீய்ச்சித் தள்ளிவிடுங்கள். மீதியைச் சாய்த்துப் பிடித்த துடைப்பத்தால் கலைத்துவிடுங்கள். ஈரத் தரையில் நடந்து மண்ணை இறுக்காதீர்கள். தை பிறந்து மண் உலர்ந்ததும் முட்கரண்டியை நான்கு அங்குல ஆழத்துக்குக் குத்திக் குத்தி எடுத்துக் காற்றோட்டம் கொடுங்கள். வழுக்கை விழுந்த இடங்களில், தரையின் செழிப்பான ஓரத்திலிருந்தே தண்டு வெட்டி ஊன்றுங்கள். அதே நாளில் கோரை எட்டிப் பார்த்திருந்தால் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள்.